எத்தனை டன் என்று கேட்பதற்கு முன்

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் தனி வீடு. 2016-ல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் பார்ப்பது, டயர்களை முன்பின் மாற்றிப் போடுவது மாதிரியான வேலைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே செய்ய ஆசை. அக்கா வீட்டு இன்னோவாவும் எப்போதாவது வரும். காரோடு வந்த ஜாக்கியைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோகிறது. ட்ராலி ஜாக்கி ஒன்று வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனால் 2 டன், 2.5 டன், 3 டன் என்று வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்குவது? 3 டன் வாங்கிவிட்டால் பயமில்லாமல் அடியில் படுத்து வேலை செய்யலாமா? பக்கத்து வீட்டு அண்ணன், ஓரத்தில் ஒரு ஹாலோ பிளாக் கொடுத்துவிட்டால் போதும் என்கிறார். வீட்டுக்கு முன்னால் பாதி சிமென்ட் தரை, மீதி பேவர் பிளாக். கேட்டுக்கு வெளியே வாய்க்கால் மேல் போட்ட சாய்வு.

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. 3 டன் அல்ல, 10 டன் ஜாக்கியாக இருந்தாலும் அதை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது. படுக்க மட்டுமல்ல, விழுந்த நட்டை எடுக்கக் கையை நீட்டுவதும் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு. தூக்கியதைத் தாங்குவதற்கு ஸ்டாண்டு. கடையில் இரண்டையும் தனித்தனியாக விற்பதால், ஸ்டாண்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் ஜாக்கியோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டையும் ஒரே நாளில் வாங்குங்கள். கையில் இருக்கும் பணம் இரண்டுக்கும் போதாது என்றால் முதல் மாதம் ஒரு ஜோடி ஸ்டாண்டை வாங்கிவிட்டு, ஜாக்கிக்கு அடுத்த மாதம் வரை பொறுத்திருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ட்ராலி ஜாக்கிக்குள் காரைத் தாங்கி நிற்பது இரும்பு அல்ல, எண்ணெய். இரண்டு சிரிஞ்சுகளை, ஒன்று மெலிந்தது, ஒன்று தடித்தது, தண்ணீர் நிரப்பி ஒரு குழாயால் இணைத்துப் பாருங்கள். மெலிந்ததை ஒரு விரலால் தள்ளினால், தடித்ததை உள்ளங்கையால் அழுத்தியும் நிறுத்த முடியாது. 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் எழுதிவைத்த விதி இது. 1795-ல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இதை வைத்துத்தான் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1851-ல் நியூயார்க்கின் ரிச்சர்ட் டட்ஜன் அதையே கையில் எடுத்துப் போகிற ஜாக்கியாக்கினார். உங்கள் ஜாக்கியின் பம்ப் பிஸ்டன் 10 மி.மீ. விட்டம், தூக்கும் பிஸ்டன் 40 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 16 மடங்கு. தடித்த பிஸ்டனில் 1,600 கிலோ அழுத்தினாலும் பம்பில் தேவைப்படுவது 100 கிலோ. நீளமான கைப்பிடி அதையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து உங்கள் கைக்குத் தருகிறது.

இந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. அத்தனை அழுத்தத்தையும் அடைத்து நிற்பது ஒரு ரப்பர் சீலும், ஒரு மிளகு அளவு இரும்புக் குண்டு உட்கார்ந்திருக்கும் வால்வும்தான். சீலில் ஒரு கீறல் விழுந்தாலோ, அந்தக் குண்டுக்கு அடியில் ஒரு துகள் மாட்டிக்கொண்டாலோ எண்ணெய் திரும்பி ஓடும், கார் இறங்கும். சில நேரம் மெல்ல இறங்கும், சில நேரம் ஒரே போடாக இறங்கும். ஜாக்கியில் பாதுகாப்பு வால்வு இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் அது அளவுக்கு மீறிய எடையைத் தூக்கவிடாமல் தடுப்பதற்கு. தூக்கிய எடை இறங்காமல் தடுக்க அதனால் முடியாது.

பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஜாக்கியை மட்டும் நம்பாதே என்ற அவர் பயம் சரியானது. கல்தான் தப்பு. ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் சுவருக்காகச் செய்தவை. பாரம் வரிசை முழுக்கப் பரவி இறங்கும்போது தாங்கும். காரின் அடி விளிம்பு ஒரு விரல் அகலம்கூட இல்லாத தகடு. அது ஒரே இடத்தில் அழுத்தினால் பிளாக் பிளந்துவிடும். இரும்பு வளையும், மரம் முனகும். அவை கொஞ்சமாவது நேரம் தரும். சிமென்ட் பிளாக் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரு நொடியில் தூளாகும். அவரிடமும் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

இனி டன் கணக்கு. நீங்கள் நினைக்கிற அளவுக்கு இது பெரிய விஷயம் இல்லை. உங்கள் ஸ்விஃப்ட் ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முழுக் காரையும் ஒரே ஜாக்கியில் தூக்கப்போவதில்லை. முன்பக்கம் முழுவதையும் நடுவில் வைத்துத் தூக்கினாலும் ஜாக்கியின் மேல் வருவது சுமார் 600 கிலோ. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் அதிலும் பாதி சொச்சம். இன்னோவா ஆயிரத்து அறுநூறு, எழுநூறு கிலோ வரும், அதற்கும் 2 டன் தாராளம். அப்படியானால் 3 டன் எதற்கு? எடைக்காக அல்ல, உடம்புக்காக. 2 டன் என்று பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து விற்கும் சின்ன ஜாக்கிகள் 8, 9 கிலோ எடை இருக்கும். சட்டம் குட்டை, சக்கரம் சிறிது, கைப்பிடி முழங்கை நீளம். கராஜ் வகையைச் சேர்ந்த 2.5 அல்லது 3 டன் ஜாக்கி 30 கிலோ பக்கம் வரும், நீளமாக, அகலமாகத் தரையில் உட்காரும், அதிக உயரம் தூக்கும். டிக்கியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற அது லாயக்கில்லை. ஆனால் வீட்டோடு கிடக்கப்போகிற ஜாக்கிக்கு எடை ஒரு குறையே அல்ல.

கடையில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது டன் அல்ல. எவ்வளவு தாழ்வாகப் போகும், எவ்வளவு உயரம் தூக்கும் என்ற இரண்டு அளவுகள். லேபிளில் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். வாங்கப் போவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து, ஜாக்கி வைக்கிற இடத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். டயரில் காற்று இல்லாதபோது இது பல சென்டிமீட்டர் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜாக்கியின் தாழ்ந்த உயரம் 13 செ.மீ. இருந்தால் உங்கள் இரண்டு வண்டிக்கும் சரிவரும். லாரி, பொலேரோக்காரர்கள் வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கி முழுவதும் இறக்கிய நிலையிலேயே 18, 20 செ.மீ. நிற்கும். பஞ்சரான ஸ்விஃப்டுக்கு அடியில் அது நுழையாது. அதன் அடிப்பகுதியும் குறுகல்.

மேல் அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஜாக்கியின் மேலே போகும் உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்டாண்டு. சாதாரண 2 டன், 3 டன் ஸ்டாண்டின் மிகத் தாழ்ந்த நிலையே 27 முதல் 29 செ.மீ. அதை உள்ளே தள்ளிச் சரியாக நிறுத்த இன்னும் 4, 5 செ.மீ. இடைவெளி வேண்டும். பெட்டி ஜாக்கிகள் பெரும்பாலும் 33 செ.மீ. அருகில் நின்றுவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஜாக்கி தன் உச்சத்தில் நிற்கும், ஸ்டாண்டு நுழையாது. அப்போதுதான் ஜாக்கிக்கு அடியில் கல், மேலே மரத்துண்டு என்று கோபுரம் கட்டத் தோன்றும். அந்தக் கோபுரம் சரியும். 40 செ.மீ.க்குக் குறையாமல் தூக்குவதை வாங்குங்கள். இன்னோவாவுக்கும் வேண்டும் என்பதால் 45 இருந்தால் இன்னும் நல்லது. அதன் ஸ்பிரிங்குகள் நீளமாகத் தொங்கும், பாடி மேலே போன பிறகும் டயர் தரையை விடாது.

அடுத்தது தரை. உங்கள் கடிதத்திலேயே இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. ட்ராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை. ஒரு முனையில் கீல் போட்ட கை அது, வளைவாக ஏறும். ஏறும்போது அதன் தலை சில சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகரும். கார் கட்டை போட்டு நிற்கும், நகரக் கூடாது. ஆகவே ஜாக்கிதான் தன் இரும்புச் சக்கரங்களில் உருண்டு அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட வேண்டும். அதற்காகத்தான் அதற்குச் சக்கரமே. சிமென்ட் தரையில் உருளும். பேவர் பிளாக் இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொண்டால் உருளாது. அப்போது ஜாக்கியின் தலை காரின் அடியில் வழுக்கும், அல்லது காரையே பக்கவாட்டில் இழுக்கும். கார் ஸ்டாண்டின் மேல் இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

பேவர் பிளாக்கில் இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. அது மணலின் மேல் பரப்பியது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி மழை கல்லுக்கு அடியிலிருக்கும் மணலை அரித்துக்கொண்டு போய்விடும். மேலே பார்க்கச் சமமாக இருக்கும், ஸ்டாண்டின் நான்கு கால்களில் ஒன்று மட்டும் அழுந்தும். ஆகவே வேலை எல்லாம் சிமென்ட் பாதியில்தான். கார் முழுவதும் அதில் அடங்கவில்லை என்றால், தூக்கப்போகிற பக்கம் சிமென்டில் நிற்கும்படி காரைத் திருப்பி நிறுத்துங்கள். சிமென்டிலும் ஸ்டாண்டுக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றைப் போட்டால் கால் தரையைக் குத்தாது, பாரம் பரவும்.

வாய்க்கால் மேலிருக்கும் சாய்வில் ஜாக்கி போடுகிற பேச்சே வேண்டாம். லாஸ்பேட்டையிலும் பாக்கமுடையான்பட்டிலும் வீட்டுக்கு வீடு அந்தச் சாய்வு இருக்கிறது. கார் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்க, அங்கேயே டயர் கழற்றுவதைப் பார்க்கிறோம். பஞ்சரான டயரோடு பத்தடி மெதுவாக உருட்டி உள்ளே கொண்டுவந்தால் அந்த டயர் வீணாகலாம். போகட்டும்.

சரி, சமதரை. ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, கியரிலும் விட்டாயிற்று. கார் நகராது என்று நினைப்பீர்கள். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்விஃப்டில் எஞ்சின் இழுப்பது முன் சக்கரங்களை. கியர் பிடித்து நிறுத்துவதும் அவற்றைத்தான். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் பிடித்திருப்பது ஆகாயத்தில் இருக்கும் சக்கரங்களை; அதனால் பயனில்லை, கியர் ஒன்றுதான் மிச்சம். முன்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் கியர் கைவிட்டுவிடும். டிஃபரன்ஷியலின் வேலையே இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவதுதானே. தரையில் இருக்கிற சக்கரம் உருள, தூக்கியிருக்கிற சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொடுக்கும். எஞ்சின் அசையாது; ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் மிச்சம், அது பிடிக்காவிட்டால் கார் நகரும். ஆட்டோமேட்டிக்கில் ‘பி’-யில் போட்டாலும் இதே கதைதான்.

இன்னோவா இன்னும் மோசம். அது பின்சக்கர இழுவை. கியர், ஹேண்ட் பிரேக் இரண்டுமே பின் சக்கரங்களில். பின்பக்கம் முழுவதையும் தூக்கிய நிமிடத்தில் தரையில் நிற்கும் முன் சக்கரங்களைப் பிடிக்க வண்டிக்குள் எதுவுமே இல்லை.

அதனால்தான் லாரி கிளீனர்கள் காலங்காலமாகக் கட்டையைக் கையோடு வைத்திருக்கிறார்கள். வண்டி நின்றதும் கிளீனர் குதித்து ஓடிக் கட்டை போடுவது பழக்கம் மட்டுமல்ல, முழுப் புரிதலோடு வந்த அறிவு. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு, முன்னும் பின்னும், ஆப்பு வடிவக் கட்டை. முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரம் இரண்டுக்கும். பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரம் இரண்டுக்கும். ரப்பரில் கிடைக்கிறது, தச்சரிடம் சொன்னால் கடின மரத்தில் அறுத்தும் கொடுப்பார். தெருவில் கிடக்கும் ஜல்லிக்கல் உருண்டு ஓடிவிடும், வேண்டாம்.

எங்கே தூக்குவது? காரின் கையேட்டில் படம் இருக்கும். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், பாடியின் அடி விளிம்பில் இரண்டிரண்டு வெட்டுக் குறிகள் தெரியும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில்தான் தகடு பலப்படுத்தப்பட்டிருக்கிறது. நான்கு விரல் தள்ளி வைத்தால் விளிம்பு மடங்கி, டிங்கரிங் வேலையில் முடியும். ட்ராலி ஜாக்கியின் தலை வட்டமான இரும்புக் கிண்ணம். அது நேராக விளிம்பில் பட்டால் அதை நசுக்கிவிடும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் வட்டு ஒன்று தனியாகக் கிடைக்கிறது. விலை சொற்பம், மறக்காமல் வாங்குங்கள். இன்னொரு சிக்கல்: விளிம்பில் ஜாக்கி உட்கார்ந்திருந்தால் ஸ்டாண்டுக்கு அதே இடம் கிடைக்காது. ஆகவே முன்பக்கத்தை நடுவிலிருக்கும் குறுக்குச் சட்டத்தில் தூக்கி, விளிம்புகளில் இரண்டு ஸ்டாண்டு கொடுப்பது வழக்கம். உங்கள் கையேடு அந்தச் சட்டத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம், அடுத்த சர்வீஸின்போது மெக்கானிக்கிடம் வண்டிக்கு அடியில் கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆயில் சேம்பர், கியர்பாக்ஸ், பின்பக்கத் தரைத் தகடு, ஸ்டெப்னி உட்கார்ந்திருக்கும் குழி, இவற்றில் ஜாக்கியின் தலை படவே கூடாது. பின்னாளில் மின்சாரக் கார் வாங்கினால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும். அதன் அடிவயிறு முழுக்க பேட்டரி.

ஸ்டாண்டுக்கு வருவோம். இரண்டு வகை கிடைக்கும். ஒன்று பல்சக்கர வகை, கைப்பிடியைத் தூக்கினால் பல்லுப் பல்லாக ஏறும். மற்றது துளையில் தடித்த ஊசி செருகும் வகை. எனக்கு இரண்டாவதைத்தான் பிடிக்கும். உயரத்தை நினைத்த அளவுக்கு நுணுக்கமாக மாற்ற முடியாதுதான். ஆனால் ஊசி இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். முதல் வகையில் பல்லும் கொக்கியும் எவ்வளவு ஆழம் கவ்வியிருக்கின்றன என்பது வெளியே தெரியாது. 2020-ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற பெரிய கருவிக்கடை நிறுவனம் தன் பிட்ஸ்பர்க் வகை 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை 17 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. காரணம், பற்கள் சிலவற்றில் கொக்கி போதிய ஆழம் கவ்வவில்லை; பாரம் அசைந்தால் விட்டுவிடும். அதற்கு மாற்றாகக் கொடுத்த 3 டன் ஸ்டாண்டுகளில் சிலவற்றில் பற்றவைப்பு சரியில்லை என்று தெரிந்து அவற்றையும் அதே ஆண்டு திரும்பப் பெற்றார்கள். வாங்கியவர்கள் எல்லாம் முறையாகக் கடையில் காசு கொடுத்து, லேபிள் பார்த்து வாங்கியவர்கள்தான். பல் வகைதான் கிடைத்தது என்றால், இரண்டாவது பூட்டாக ஊசியும் செருகுகிற மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். லேபிளில் உள்ள எடை ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் படியுங்கள், இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

கடையில் பத்து நிமிடம் செலவு செய்யுங்கள். ஜாக்கியைப் பாரமில்லாமல் உச்சிவரை பம்ப் அடித்துப் பாருங்கள், தடுக்காமல் ஏற வேண்டும். கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறக்கிப் பாருங்கள். திடீரென்று விடும் வால்வு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தலை சுழல வேண்டும், நான்கு சக்கரமும் உருள வேண்டும், பிஸ்டனைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கக் கூடாது. பற்றவைத்த இடங்கள் விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ந்து ஓடியிருக்கின்றனவா என்று விரலால் தடவுங்கள். தயாரித்தவர் பெயரும் தாங்கும் எடையும் அச்சாகாத கருவியை எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள். வெளியிலிருந்து வருவதில் ஐரோப்பாவின் இஎன் 1494, அமெரிக்காவின் ஏஎஸ்எம்இ பேஸ் என்ற தரக் குறிகள் இருக்கும். வெளிநாட்டுப் பொருள்தான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. வீல் அலைன்மென்ட் கருவிகள் செய்யும் மானாடெக் நம் புதுச்சேரி நிறுவனம்தான். சென்னை புதுப்பேட்டையில் பழைய ஜாக்கி வாங்குபவர்கள் உண்டு. சோதித்துப் பார்க்கத் தெரிந்தால் பழைய ஜாக்கி வாங்கலாம். பழைய ஸ்டாண்டு வாங்காதீர்கள்; அது எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுமந்தது என்பது இரும்பின் மேல் எழுதியிருக்காது.

வேலை நாளில் வரிசை இது: கட்டை, பிறகு வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துவது (தூக்கிய பிறகு முழுப் பலத்தோடு ஸ்பானரை மிதித்தால் காரே சரியும்), பிறகு தூக்குவது, ஸ்டாண்டு, ஜாக்கியை மெல்ல இறக்கிப் பாரத்தை முழுவதுமாக ஸ்டாண்டில் உட்காரவைப்பது. பிறகு ஜாக்கியை அதே இடத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி விடுங்கள், எடுக்க வேண்டாம். கழற்றிய சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்கவையுங்கள். எல்லாம் தவறினாலும் கார் அதன் மேல்தான் விழும். கடைசியாக, உள்ளே போவதற்கு முன் இடுப்பு உயரத்தில் காரைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இந்த வேலையை ஆரம்பிக்கவும் வேண்டாம். பிள்ளைகளை வாசல் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று. நீங்கள் எழுதிய மூன்று வேலைகளில் இரண்டுக்கு அடியில் போகவே வேண்டாம். பிரேக் பேட் வேலை முழுக்க வெளியில் உட்கார்ந்தபடி முடியும். டயரை முன்பின் மாற்ற ஒரே பக்கத்தில் இரண்டு மூலையையும் தூக்க வேண்டியதில்லை. உங்கள் ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களின் அளவிலேயே இருந்தால், முன்னால் கழற்றி ஸ்டெப்னியைப் போட்டு இறக்குங்கள்; பின்னால் கழற்றி, முன்னது அங்கே; மறுபடி முன்னால் ஸ்டெப்னியை எடுத்துவிட்டுப் பின்னது. எந்த நேரத்திலும் ஒரு மூலைதான் மேலே இருக்கும். நேரம் கூடுதலாகும், பரவாயில்லை. நட்டுகளைக் கடைசியாகக் காரைத் தரையில் இறக்கிய பிறகு, எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஆயில் மாற்றத்துக்கு மட்டும் அடியில் கை போயாக வேண்டும். அதற்கு ஜாக்கியைவிட, முன் சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் ஒரு ஜோடி இரும்புச் சாய்தளங்கள் எனக்கு அதிக நிம்மதி தரும். எடை டயரிலேயே நிற்கிறது, வழுக்குவதற்கு ஒன்றுமில்லை. பின் சக்கரத்துக்குக் கட்டை மட்டும் மறக்கக் கூடாது. வடித்த பழைய ஆயிலை வாசல் வாய்க்காலில் ஊற்றாமல் டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கிளட்ச், சைலன்சர், கியர்பாக்ஸ் என்று வந்தால் லிஃப்ட் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

காரோடு வந்த ஸ்க்ரூ ஜாக்கியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வழியில் டயர் மாற்ற அதுதான் துணை. 2020-லிருந்து, டயர் காற்றழுத்தம் காட்டும் வசதியும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கொடுத்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று விதி வந்துவிட்டது. அப்படி வாங்கிய வண்டிகளில் டிக்கியைத் திறந்தால் ஜாக்கியும் இல்லாமல் போகலாம்.

கேள்வி: கோட்டக்குப்பத்தில் இருக்கிறேன். அப்பா வைத்திருந்த ட்ராலி ஜாக்கி ஒன்று வீட்டில் கிடக்கிறது. தூக்குகிறது, ஆனால் பாதி உயரத்துக்கு மேல் போகவில்லை; தூக்கியதும் மெல்ல மெல்ல இறங்குகிறது. பிரேக் ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: பிரேக் ஆயில் ஊற்றாதீர்கள். டாட் 3, டாட் 4 என்று விற்கும் பிரேக் ஆயில் பெட்ரோலிய எண்ணெய் வகையே அல்ல. ஜாக்கியின் சீல் ரப்பரை அது ஊறவைத்துக் கெடுத்துவிடும். எஞ்சின் ஆயிலும் வேண்டாம். ஜாக்கிக்கென்று விற்கும் ஹைட்ராலிக் ஆயில் மட்டும்.

உங்கள் இரண்டு புகாருக்கும் காரணம் வேறுவேறாக இருக்கலாம். பாதி உயரத்தில் நிற்பது பெரும்பாலும் எண்ணெய் குறைந்ததாலோ காற்று புகுந்ததாலோ. கையை முழுவதும் கீழே இறக்கிவிட்டு, மூடியைத் திறந்து, துளையின் விளிம்பு வரை எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இறக்கும் வால்வைத் திறந்தபடியே பத்துத் தரம் பம்ப் அடித்தால் காற்று வெளியேறும். வால்வை மூடிவிட்டு மறுபடி தூக்கிப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் இறங்கினால் சீலோ வால்வோ போய்விட்டது என்று அர்த்தம். சோதிக்கும் முறை எளிது: காரின் ஒரு மூலையைத் தூக்கி, விளிம்புக்கும் தரைக்கும் இடையே அளந்துவைத்து, யாரும் அருகில் போகாமல் கால்மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தால் அந்த ஜாக்கி வேலைக்கு ஆகாது. ஹைட்ராலிக் வேலை தெரிந்தவரிடம் சீல் செட் மாற்றக் கொடுக்கலாம். அந்த மாடலுக்குச் சீல் கிடைக்கவில்லை என்றால் பழைய இரும்புக்குப் போடுங்கள். சும்மா மூலையில் வைத்திருந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துவிடுவார்கள்.

சரிசெய்து திரும்பி வந்தால் வைக்கும் முறையையும் மாற்றுங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், பிஸ்டன் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உப்புக் காற்றில் துரு பிடிக்கும். அந்தத் துருதான் உள்ளே போகும்போது சீலை அறுக்கிறது. கையை முழுவதும் இறக்கி, மூட்டுகளில் கிரீஸ் தடவி, மழைத் தண்ணீர் தேங்காத பலகையின் மேல் மூடிவையுங்கள்.